பத்தாவது பொட்டு

அக்டோபர் 6

ஆயுத பூஜைக்குக் காருக்கு வைத்த குங்குமத்தை இன்று கழுவினேன். ஒன்பது பொட்டு போனது. பத்தாவது போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தேன், பிறகு மண்ணெண்ணெய், பிறகு நகம். நகம் உள்ளே போய்விட்டது. அது குங்குமம் இல்லை, துரு. இரண்டு நாளாக அந்த இடத்தையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை இன்னொருவர் செய்திருந்தால் சிரித்திருப்பேன். நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டு உலோக அரிமானம் நடத்தியவன். மாணவர்கள் என்னைத் 'துரு சார்' என்று அழைத்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களும், தெரியாததுபோல் நானும் இருந்தோம்.

கார், 1993இல் வாங்கிய வெள்ளை அம்பாசடர். வீடு தூத்துக்குடியில். கிழக்கே கடல், வடக்கே உப்பளம். எந்தத் திசையில் காற்றடித்தாலும் உப்பு வீடு தேடி வரும். காரின் பதிவு ஜனவரி 30இல் முடிகிறது. இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டுமானால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கீழே குனிந்து பேனாவால் குத்திப் பார்ப்பார்களாம். பேனா உள்ளே போனால் வண்டி காயலான் கடைக்குப் போகும்.

பெங்களூரில் இருக்கும் மகள், "குடுத்துருங்கப்பா, கால் டாக்ஸில போய்க்கிடலாம்" என்றாள். துரு பற்றிப் பாடம் எடுத்தவன் துருவிடம் தோற்க முடியாது என்று விளக்கினேன். அவளுக்கு ஏதோ மீட்டிங் வந்துவிட்டது.

என் ஓட்டுநர் உரிமமும் அதே மாதம் முடிகிறது. அதற்கு ஒரு டாக்டர் படிவம் போதும். சின்ன வேலை. மறந்துவிடக் கூடாதென்று குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 8

டிங்கர் வேலை செய்யும் சூசைமிக்கேல் வந்தார். இருபது ஆண்டாக இந்தக் காருக்குத் தகடு தட்டி ஒட்டுப் போடுகிறவர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், தொப். தொப்பென்று கேட்ட இடம் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே.

"இது கீழருந்து வரல சார். மேலருந்து வருது" என்றார்.

சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் அடித்தகட்டை எப்படித் தின்கிறது என்று தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினேன். சூசை பார்த்துவிட்டு, படம் நல்லா இருக்கு என்றார்.

சீட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். காரணம் கீழே இருக்கும்போது மேலே பார்ப்பானேன்? வேண்டாம் என்றேன். முகப்பு விளக்குகள் மங்கிவிட்டன, உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் தகட்டுக் கிண்ணமும் துருப்பிடித்திருக்கும், மாற்றுங்கள் என்றேன். அவர் விளக்கைப் போட்டுப் பார்த்து, "பளிச்சுன்னு எரியுதே சார், கண்ணு கூசுது" என்றார். அனுபவம் உள்ளவர். கோட்பாடுதான் போதாது.

அக்டோபர் 11

தோணிகளின் அடிப்பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய் ஐந்து லிட்டர் வாங்கி, காரின் அடிப்பாகம் முழுவதும் பூசினேன். நூற்றாண்டுகளாகக் கடலில் கிடக்கும் தோணிக்கு ஆகுமென்றால் கரையில் நிற்கும் காருக்கு ஆகாதா? தோணி மரத்தால் ஆனது என்பது நான்கு லிட்டர் பூசிய பிறகு நினைவுக்கு வந்தது. மிச்சம் ஒரு லிட்டரை வீணாக்க மனமில்லாமல் அதையும் பூசினேன்.

அக்டோபர் 12

காருக்கு அடியில் பூனைகள். பதினொன்று எண்ணினேன். செண்பகவல்லி பதினான்கு என்கிறாள். கறுப்புப் பூனைகளை நான் சேர்க்கவில்லையாம்.

செண்பகவல்லி என் மனைவி. நாற்பது ஆண்டாக என் கணக்குகளைத் திருத்துகிறாள்.

அக்டோபர் 16

கெட்ட செய்தி. பிரேக் இன்ஸ்பெக்டர் மாறிவிட்டாராம். புதிதாக வந்திருப்பவர் பெயர் இசக்கிராஜா. என் மாணவன். இனி மாணவர் என்று எழுதிப் பழக வேண்டும்.

அவனை, அதாவது அவரை, நன்றாக நினைவிருக்கிறது. 'இரும்பின் மீது உப்பின் விளைவு யாது?' என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. அவர் எழுதிய விடை: 'உப்பு பாதுகாக்கும். எடுத்துக்காட்டு: கருவாடு.' பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாளை மூன்று வகுப்புகளில் வாசித்துக் காட்டினேன். பாடம் நடத்துவதில் நகைச்சுவை அவசியம் என்று அந்த நாளில் நம்பினேன். அவர் அந்த வருடம் முழுவதும் 'கருவாடு' என்றே அழைக்கப்பட்டார்.

துளை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அக்டோபர் 25

அமாவாசை. செண்பகம் காலையிலேயே கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வண்டியில் குடையை விட்டுவிட்டாளாம். திரும்பி வந்தபோது கையில் குடை இல்லை. கேட்டேன். வீட்டில்தான் இருக்கும்போல என்றாள். வயதாகிறது, பாவம்.

கல்லுப்பு ஜாடி மறுபடி காலி. இரண்டு பேருக்கு இவ்வளவு உப்பா? ரத்த அழுத்தம் பற்றி அவளுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மதியச் சாம்பாரில் உப்பே இல்லை.

நவம்பர் 5

துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்த இடங்கள் மொத்தம் இருபத்து மூன்று. இன்று மேல் பெயிண்ட். கடைக்காரர் எட்டு வகை வெள்ளை காட்டினார். வெள்ளையில் எட்டு வகை என்பதே வியாபாரத் தந்திரம். எல்லாம் ஒன்றுதான். காரின் கழன்று விழுந்த தகட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சாகப் பொருந்திய டப்பாவை எடுத்தேன்.

சூசை டப்பாவைத் திறந்து, "இதே கலர்தானா சார்?" என்றார்.

அதேதான் என்றேன். செண்பகத்தைப் பார்த்து மறுபடியும் அதையே கேட்டார். அவள், "அவுக சொன்னதையே அடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சில விஷயங்களில் என் தீர்ப்பை அவள் மதிப்பது ஆறுதலாக இருக்கிறது.

தினசரிகள் இப்போது அச்சு மையில் சிக்கனம் பிடிக்கின்றன. தலைப்பு மட்டும் படித்தேன்.

நவம்பர் 13

பாளையங்கோட்டைக்கு ஒரு கிரகப்பிரவேசம். வழி நெடுக மழை. செண்பகம் வழி நெடுகப் பேசினாள். முன்பெல்லாம் காரில் ஏறினால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வருவாள். ஒரு வருடமாக இப்படி. "அந்தா ஒரு ஆடு நிக்கி பாருங்க." "சைக்கிள்காரன் ஒருத்தன் போறான், தலைல துண்டு கட்டிருக்கான்." "பள்ளத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு." கிரிக்கெட் வர்ணனையாளர்கள்கூட ஓவருக்கு ஓவர் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

வயதானவர்களுக்குப் பேச்சு கூடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அவள் பேசுவதற்கேற்ப நானும் ஆட்டுக்கு ஒதுங்கி, சைக்கிளுக்கு ஒதுங்கி, பள்ளத்துக்கு ஒதுங்கி ஓட்டினேன்.

நவம்பர் 23

அமாவாசை. மறுபடியும் குடை.

டிசம்பர் 4

கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். கரும்பலகையில் முப்பத்தோரு முறை வரைந்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் நான்கு கிலோ துத்தநாகம் வாங்கிக் காரின் நான்கு மூலையிலும் கட்டினேன்.

கப்பல் தண்ணீரில் மிதப்பதால்தான் இது வேலை செய்யும், தரையில் நிற்கும் காருக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் முப்பத்தோரு முறை சொல்லியிருக்கிறேன். இன்று என் வகுப்பில் நான் இல்லாதது நல்லது.

சூசை அடியில் தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் டங். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மட்டும் தொப். போன மாதத்தைவிடப் பெரிய தொப். எவ்வளவு பூசினாலும் அந்த ஒரு இடம் கேட்கமாட்டேன் என்கிறது.

டிசம்பர் 16

ஸ்ரீவைகுண்டத்தில் கல்யாணம். செண்பகத்துக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். மாத்திரை போட்டிருந்தாள். திரும்பி வரும்போது தூங்கிவிட்டாள். நானும் எழுப்பவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அமைதியாக ஓட்டினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டுக்கு அடித்திருக்கும் சிவப்பும் வெள்ளையும் போதுமான அளவு எடுப்பாக இல்லை. மாலை வெயில் வேறு. யாரோ கத்தினார்கள். பிரேக்கை அழுத்தினேன். முன் பம்பர் கேட் கம்பியைத் தொட்டு நின்றது. தொட்டது மட்டும்தான். பெயிண்ட் ஒரு விரலளவு போனது.

அரை நிமிடத்தில் ரயில் போனது.

கேட் கீப்பர் வந்து என்னைத் திட்டவில்லை. ஜன்னலுக்குள் குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். செண்பகமும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பு எம் மேலதான். நா தூங்கிருக்கக் கூடாது" என்றாள்.

மீதி வழியில் ஆடு, சைக்கிள், வேப்பமரம், மைல்கல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். குரல் நடுங்கியது. ஜலதோஷம்.

டிசம்பர் 17

பம்பருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை.

டிசம்பர் 18

இன்றும் அடிக்கவில்லை.

டிசம்பர் 20

உரிமப் படிவத்தில் கையெழுத்து வாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

டாக்டர் பெண்; என் மகள் வயது இருக்கும். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். முதல் எழுத்தைப் படித்தேன். அடுத்த வரி என்றார். அடுத்த வரி ஒன்று இருப்பதாக அவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, இரண்டு மூன்று வருடமாகவே இருந்திருக்கும், வெளிச்சம் மங்கலாகத் தெரிந்ததா, நிறம் மாறித் தெரிந்ததா என்று கேட்டார். காரின் முகப்பு விளக்குகள் சரியில்லை என்றேன்.

"இங்க எப்படி சார் வந்தீங்க?"

"கார்ல."

"யாரு ஓட்டிட்டு வந்தா?"

தேவையில்லாத கேள்வி. செண்பகம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். சாவியை அம்மாவிடம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். சூசை வந்து காரை வீட்டுக்கு எடுத்து வந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அந்தக் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. வசதியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 29

வலது கண்ணில் அறுவை முடிந்தது. பன்னிரண்டு நிமிடமாம். எனக்குச் சொல்லித் தந்தவர்கள் எவரும் எதையும் இவ்வளவு சுருக்கமாக முடித்ததில்லை. நானும் முடித்ததில்லை.

இந்தப் பதிவைச் செண்பகம் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. 'தாங்கமாட்டாமல் வலித்தது' என்று எழுதச் சொன்னேன். (ஆஸ்பத்திரியில் வலிக்கவே இல்லை என்றுதான் அவுக சொன்னாக. செண்பகம்.)

ஜனவரி 3

கட்டு அவிழ்த்து நான்கு நாளாயிற்று. சொட்டு மருந்துக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவில் இன்றுதான் வாசலுக்கு வர அனுமதி கிடைத்தது.

எங்கள் வாசலில் யாரோ ஒரு சிறுத்தையை நிறுத்தியிருக்கிறார்கள்.

வெள்ளைக் கார்தான். அதில் இருபத்து மூன்று இடத்தில் மஞ்சள் திட்டு. வெள்ளை, எலுமிச்சை, வெள்ளை, எலுமிச்சை. இரண்டு மாதமாக இதில் ஏறித்தான் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போயிருக்கிறோம். ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அல்லது சிரித்ததை நான் பார்க்கவில்லை.

சூசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் ரெண்டு தடவ கேட்டேன் சார். அம்மாதான் அவுக மனசு கஷ்டப்படும், அடிங்கன்னாக" என்றார்.

செண்பகத்தையும் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

ஜனவரி 6

சூசை சொன்னபடி முன் சீட்டைக் கழற்றினோம். மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டார்.

சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்குகளில் வரிசையாகத் துணி முடிச்சுகள் தொங்கின. நீலப் புடவை ஒன்றைக் கிழித்துக் கட்டியவை. அந்தப் புடவை எனக்குத் தெரியும். ஒன்றை அவிழ்த்தேன். கல்லுப்பு, இரண்டு வற்றல் மிளகாய், கொஞ்சம் கடுகு. கண்ணேறு படாமலிருக்கக் கட்டுவது. அடுத்ததில் உப்பு பாதிதான் இருந்தது. அதற்கடுத்ததில் ஈரம் மட்டும். பழைய முடிச்சுகளில் மிளகாயைத் தவிர ஒன்றுமில்லை. மழைக்காலக் காற்றின் ஈரத்தை உப்பு குடித்து, கரைந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே தகட்டில் விழுந்திருக்கிறது. தகட்டில் என் உள்ளங்கை நுழையும் துளை. கிழக்கே இருந்த கடலையும் வடக்கே இருந்த உப்பளத்தையும் மீன் எண்ணெயால் தடுத்துக்கொண்டிருந்தேன். உப்பு என் சீட்டுக்கு அடியில் இருந்தது.

மேலிருந்து வருகிறது என்று சூசை சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்கிறார்.

"அம்மா சொல்லாதன்னுட்டாக சார்."

முடிச்சுகள் பதினாறு. மாதம் ஒரு அமாவாசை என்று பின்னோக்கி எண்ணினால், முதல் முடிச்சு போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில் வருகிறது. பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு நான் எழுதியிருப்பது: 'கார் கேட் தூணில் உரசிவிட்டது. கொத்தனார் தூணைச் சரியான இடத்தில் கட்டவில்லை.'

தூண் முப்பது வருடமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

சூசையிடம் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். முடிச்சுகளைப் பற்றி நான் கேட்டதாக அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். இந்த வீட்டில் அவருக்கு ரகசியங்கள் அதிகமாகிவிட்டன.

ஜனவரி 14

பொங்கலுக்குள் மறுபடி வெள்ளை அடிக்க நேரமில்லை என்கிறார் சூசை. தகடு மட்டும் தயார். திட்டுகள் அப்படியே இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் நிறத்தைக் குத்திப் பார்க்கப்போவதில்லை.

ஜனவரி 21

தை அமாவாசை. காலையில் செண்பகம் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் வைத்திருந்த சாவியை எடுத்து ஒரு காரியம் செய்தேன். சமையலறையில் மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாவாகத் தேடினேன். பெருங்காய டப்பா ஒன்றுதான் கிடைத்தது. கழுவித் துடைத்து, அதில் உப்பும் மிளகாயும் கடுகும் போட்டு மூடி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கம்பியால் கட்டினேன். ஈரம் புக வழியே இல்லை. முப்பத்தோரு ஆண்டுப் பாடத்தில் இதுவரை உருப்படியாகச் செய்த ஒரே பரிசோதனை.

பத்து மணிக்கு அவள் குடையைத் தேடிக் காருக்குப் போனாள். சாவி இப்போது அவளிடம்தான் இருக்கிறது. வழக்கமாக இரண்டு நிமிடம் ஆகும். இன்று பத்து நிமிடம் ஆனது. வந்தாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேப்பரில் மை நன்றாகவே போடுகிறார்கள்.

சாப்பிடும்போது, "பெருங்காய டப்பாவக் காணம்" என்றாள்.

"அப்படியா?"

"இருக்கட்டும்" என்றாள்.

சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

ஜனவரி 25

போக்குவரத்து அலுவலக மைதானம். சூசை ஓட்டினார், செண்பகம் முன்னால், நான் பின்னால். இசக்கிராஜாவுக்கு முன்வழுக்கை விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். காரைப் பார்த்ததும் அதை ஒரு முறை சுற்றி வந்தார்.

"கலர் மாத்துனா ஆர்.சி.ல எழுதணும் சார்" என்றார்.

மாற்றவில்லை, தவறிவிட்டது என்றேன். கண்ணைக் காட்டினேன். சிரிக்காமல் தலையாட்டினார். நல்ல மாணவர்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கதவுக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே, டிக்கியில், முப்பது இடத்திலாவது குத்தியிருப்பார். பழி வாங்குகிறவர்போலக் குத்தவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்போலக் குத்தினார். எங்கும் டங். துத்தநாகக் கட்டியைத் தட்டிப் பார்த்து, "இது கப்பலுக்குல்லா சார்" என்றார். ஆமாம் என்றேன்.

கடைசியில் ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். மீனும் பெருங்காயமும் கலந்த வாசனை. கையை விட்டுத் துழாவி, டப்பாவைத் தொட்டுவிட்டார். குலுக்கினார். உள்ளே கலகலவென்றது.

"என்ன சார் இது?"

"உப்பு."

"உப்பா?"

செண்பகம் எனக்கு ஒரு அடி தள்ளி நின்றிருந்தாள். முந்தானை நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இப்போது ஒரு கண்ணில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வேண்டாம் என்றாலும் தெரிகிறது.

"உப்புதான். வண்டியப் பாதுகாக்கும்" என்றேன்.

இசக்கிராஜா நிமிர்ந்தார். என்னை நேராகப் பார்த்தார். எத்தனையோ வருடத்துக்கு முன் மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்த அதே பார்வை.

"கருவாடு மாதிரியா சார்?"

"கருவாடு மாதிரிதான்."

அவர் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். படிவத்தைப் பானட் மேல், ஒரு மஞ்சள் திட்டின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டு.

அந்தக் கேள்விக்கும் ஐந்து மதிப்பெண்தான்.